சபாபதியின் மூன்றாவது கேள்வி

மூன்று புறாக்கள் வாழை இலையில் வரிசையாகக் கிடந்தன. மூன்றுக்கும் கழுத்து அறுபட்டிருந்தது. ஒன்றின் கழுத்திலும் ரத்தம் இல்லை.

அம்புரோஸ் குந்தி உட்கார்ந்து குச்சியால் இறகுகளை விலக்கிப் பார்த்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், அப்துல் ஜலீலின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்புறம், விறகுக் கொட்டகையை ஒட்டிய குழி அது. புதைத்தவை நான்கு. நேற்று ஒரு தெருநாய் குழியைப் பறித்து நாலாவதைக் கவ்விக்கொண்டு தெருவுக்கு ஓடியது. அந்தப் புறாவின் காலில் அலுமினிய வளையம் இருந்தது. ஜப்பான் ராணுவத்தின் தபால் புறா. வளையத்தைப் பார்த்த சிப்பாய்கள் கொட்டகையைக் கலைத்தார்கள். விறகுக்கு அடியில் சாக்கில் சுற்றிய காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஜலீலை இழுத்துக்கொண்டு போனார்கள். வளையமில்லாத மூன்றை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜலீலின் மனைவி அமீனா பீவி அவற்றை மறுபடி மூடி வைத்திருந்தாள். இப்போது அம்புரோஸுக்காகத் தோண்டிக் காட்டினாள்.

"நாலு பேரும் ஒரே நாள்ல கழுத்தறுத்துக்கிட்டாங்களா?" என்றான் ஜெயராஜ். "காதல் தோல்வியா இருக்கும் அத்தான்."

ஜெயராஜ் அம்புரோஸின் மனைவியின் தம்பி. ரயில்வே சரக்குக் கொட்டகையில் இருவரும் ஒன்றாக வேலை செய்தார்கள். அம்புரோஸ் சண்டைக்கு முன்னால் போலீஸில் ஆயுத லைசென்ஸ் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். துப்பாக்கி சம்பந்தப்பட்ட வழக்கென்றால் துப்பறியும் அதிகாரிகள் அவன் மேசைக்கு வந்துதான் போவார்கள். சர்க்கார் மாறியது. வழக்குகள் மட்டும் அவனை விடவில்லை. இப்போது அவை பின்வாசல் வழியாக வந்தன.

"ஜெயராஜ், இந்த வருஷம் யாராவது கறியைப் புதைச்சுப் பாத்திருக்கியா?"

"கறியா? மரவள்ளிக்கிழங்குத் தோலையே புதைக்க மாட்டாங்க லா. நம்ம வீட்டு எலிங்ககூட வேற வீடு பாத்துப் போயிருச்சு."

"இதை இலையில வச்சு, வரிசையாப் புதைச்சிருக்காங்க. மரியாதையா."

அமீனா பீவி சமையற்கட்டு வாசலில் நின்றாள். முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்திருந்தாள். "அண்ணே, இன்னிக்கு ஆறு மணிக்கு லாரி வருதாம். ஏத்திட்டுப் போனா அவுக திரும்ப மாட்டாக. வாயைத் தெறங்கன்னா, அவுக தெறக்க மாட்டேங்குறாக. 'என் கொட்டகையில இருந்துச்சு'ங்கிறாக, அம்புட்டுத்தான்."

அம்புரோஸ் ஒரு புறாவின் தலையைத் திருப்பினான். கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை. மற்ற இரண்டிலும் கிட்டத்தட்ட அதே இடம்.

"சுட்டவன் நல்ல குறிக்காரன். விழறப்பவே செத்திருக்கு. அதுக்கப்புறம்தான் கழுத்தை அறுத்திருக்கான். ஜலீல் பாய் அறுத்தா உயிரோட அறுப்பாரு, பிஸ்மி சொல்லி. நெஞ்சு முழுக்க ரத்தம் இருக்கும். இதை அறுத்தவனுக்கு, பாய் வீட்டில கழுத்து அறுத்ததுதான் ஆகும்னு தெரியும். எப்ப அறுக்கணும்னு தெரியாது."

"அதனால?"

"அதனால அவன் எதிரி இல்ல. நல்ல மனசோட கொண்டுவந்து குடுத்திருக்கான். பாய் பாத்தவுடனே கண்டுக்கிட்டாரு. செத்ததை அறுத்தது, சாப்பிட முடியாது. திருப்பிக் குடுத்தா அவன் மனசு நோகும். வெளிய போட்டா அவன் கண்ணுல படும். புதைச்சிட்டாரு. அந்த ஆளைத்தான் இப்ப காட்டிக் குடுக்க மாட்டேங்கிறாரு."

ஜெயராஜிடமிருந்து ஒரு கிண்டல் வரும் என்று அம்புரோஸ் காத்திருந்தான். வரவில்லை.

"அப்ப ஆரிஃபா வாயில ஒரு சொட்டு சூப்புகூடப் போகலியா?" என்றான் ஜெயராஜ்.

அமீனா பீவி அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து புறாக்களை இலையோடு சேர்த்துக் குழியில் வைத்தாள்.

அம்புரோஸ் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு எழுந்தான். ஜலீலின் மகள் ஆரிஃபாவுக்குக் காய்ச்சல் என்பது தெருவுக்கே தெரியும். புறாக்கள் அவளுக்கு வந்தவை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஜெயராஜ் கேட்ட கேள்வி மீன்முள் மாதிரி அவன் தொண்டையில் நின்றது. விழுங்கிக்கொண்டான்.

"தங்கச்சி, உங்களுக்குத் தெரியும். யாரு?"

"நீங்களாக் கண்டுபிடிச்சா அது உங்க பாடு அண்ணே. நான் சொல்லக் கூடாது. ஒருத்திக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஒருத்திக்கா?"

"வாக்குக் குடுத்திருக்கேன்னுதான் சொன்னேன்" என்று கதவைச் சாத்தினாள்.

*

போலீஸ் சாவடி தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. மொழிபெயர்ப்பாளன் விஜயன் அம்புரோஸின் பழைய சகா. சார்ஜெண்ட் குளிக்கப் போயிருந்த கால் மணி நேரத்தில் அவர்களை உள்ளே விட்டான்.

"வீட்டில எப்படி இருக்காங்க?" என்று வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அவ போய் ஆறு வாரமாச்சு" என்றான் அம்புரோஸ். "துப்பாக்கியைக் காட்டு."

விஜயன் எடுத்துக் கொடுத்தான். குட்டையான துப்பாக்கி. குழலை நடுவில் மடக்கி ரவை போடுகிற மாதிரி. அம்புரோஸ் குழலின் வாயில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான்.

"நம்பர் டூ ரவை. பருமன். பறவை துடிக்கக்கூட நேரம் இருக்காது. ஜலீல் பாய் வாங்கினா இதை வாங்கியிருக்க மாட்டார்." குழலை மடக்கி மோந்து பார்த்தான். "ஜெயராஜ், இதை மோந்து பாரு."

ஜெயராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "வேணாம் அத்தான். காலையில சாப்பிட்ட கிழங்கே இன்னும் நெஞ்சுல நிக்குது."

"விளக்கெண்ணெய். உள்ளே தோல் வாஷருக்குப் போட்டது. எல்லாரும் தேங்காய் எண்ணெய் போடுவாங்க. சுடறப்போ புகையும், வாடை ரெண்டு வீட்டுக்கு அடிக்கும். விளக்கெண்ணெய் போட்டுத் தோலை ஊற வைக்கிற ஆள் சிலாங்கூரிலேயே ஒருத்தர்தான், சபாபதி." துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தான். "விஜயன், சுட்டது பாய் இல்லேன்னு நிரூபிச்சா?"

விஜயன் வாசலைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினான். "நிரூபணம் யாருக்கு வேணும்? ஒரு புறாவுக்கு ஒரு ஆள். ஃபாரத்துல ஒரு பேர் இருக்கு. ஆறு மணிக்குள்ள பேரை மாத்தலாம். ஒரே ஒரு தடவை. எண்ணிக்கையை மாத்த முடியாது."

"ஆறுன்னா எந்த ஆறு?" என்றான் ஜெயராஜ்.

"டோக்கியோ ஆறு."

ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் டோக்கியோவுக்கு வைக்கப்பட்டிருந்தன. வெயில் மட்டும் பழைய கணக்கில் நடந்தது. டோக்கியோ ஆறு என்றால் வெயிலுக்கு நாலரை.

"நம்ம ஆயுசுல ஒன்றரை மணி நேரத்தை முதல் நாளே புடுங்கிட்டானுங்க" என்றான் ஜெயராஜ், வெளியே வந்ததும். "கேட்டா நேரம்ங்கிறான்."

*

ரயில்வே பாஸ் இருந்ததால் கிள்ளான் வண்டியில் இடம் கிடைத்தது. சைக்கிள்களைக் கடைசியிலிருந்த கார்டு வண்டியில் போட்டார்கள். பெட்டியில் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளும் அவற்றின் மேல் மனிதர்களும் இருந்தார்கள்.

எதிரே உட்கார்ந்த ஜெயராஜின் இடது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"என்ன அது?"

"சைக்கிள் செயின் கடிச்சிருச்சு. அதுக்கும் பசிதானே."

அம்புரோஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மனைவி பிலோமினா இருந்தால் மஞ்சள் அரைத்துப் பூசியிருப்பாள். அவளுடைய பெயரை இருவரும் ஆறு வாரமாகச் சொல்லவில்லை. யாரும் தடை போடவில்லை. அப்படியே நின்றுபோயிருந்தது.

கிள்ளானிலிருந்து மேரு என்ற ஊருக்கு ஐந்து மைல். டயருக்குப் பதில் ரப்பர்க் குழாய் சுற்றிய சைக்கிள்கள். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறியது. தென்னந்தோப்புக்குள் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் சபாபதி ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றி ஒற்றைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறு கண்ணாடி உடைந்து விழுந்து வெறும் வளையம்தான் இருந்தது. ஒரு காலத்தில் கோலாலம்பூரில் விளையாட்டுச் சாமான் கடையில் துப்பாக்கி விற்றவர். அப்போது கழுத்தில் டை இருக்கும். இப்போது மாவுச் சாக்கில் தைத்த சட்டை.

"லைசென்ஸ் ஐயாவா?" என்றார். "இப்ப எதுக்கு லைசென்ஸ் குடுக்கறீங்க? மூச்சு விடறதுக்கா?"

"ஒரு ஏர்கன் வேணும் சபாபதி அண்ணே. சின்ன வேட்டைக்கு."

சபாபதி சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். தோப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். ஜெயராஜை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரு?"

"என் மச்சினன்."

"போலீஸுக்குச் சொல்றவன் மச்சினனோட வரமாட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். உள்ளே போனதும் சாக்குச் சட்டையின் காலரை இழுத்துச் சரி செய்தார். முதுகு நிமிர்ந்தது. பழைய விற்பனைக்காரர் எங்கிருந்தோ வந்து அந்த எலும்புகளுக்குள் நின்றார்.

"மூணு கேள்வி கேட்பேன். வெள்ளைக்காரத் துரைக்கும் இதே மூணுதான். பதிலைப் பொறுத்துத்தான் துப்பாக்கி. என்ன பிராணி?"

"புறா. கிடைச்சா அணில்."

"எவ்வளவு தூரம்?"

"மழை மரத்து உச்சி. கீழேயிருந்து."

"யார் சாப்பிடப் போறாங்க?"

"அது எதுக்கு?" என்றான் ஜெயராஜ். "துப்பாக்கிக்கும் பந்தியில இலை போடணுமா?"

"சிரிங்க தம்பி. மத்த கடையில முதல் ரெண்டைத்தான் கேட்பான். மூணாவதைக் கேட்காமத்தான் எல்லாரும் தப்பான துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போவாங்க." மூலையில் குவித்திருந்த மரவள்ளிக்கிழங்கை விலக்கி, மூன்று மூட்டைகளை எடுத்தார். முதலாவதைப் பிரித்தார். "இது லேசு. நம்பர் ஒன் ரவை. பறவை விழும், உடனே சாகாது. பாய்மார் வீட்டுக்குன்னா இதைத்தான் குடுப்பேன். ஓடிப்போய் உயிரோட அறுக்க நேரம் இருக்கும். வேகமா அடிக்கிறது நல்ல துப்பாக்கின்னு நினைக்கிறாங்க. சாப்பிடற வாய்க்கு ஆகலேன்னா அந்த வேகம் எதுக்கு?"

அம்புரோஸ் ஜெயராஜைப் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் மூச்சு ஒரு கணம் நின்றது தெரிந்தது.

சபாபதி இரண்டாவதைப் பிரித்தார். "இது கனம். கீழ இருக்கிற கம்பியை இழுத்து ஏத்தணும். பெரிய வௌவால்கூட அப்படியே விழும். ஆனா தெருவுல கொண்டு போனா கொடிமரம் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்."

"திருவிழான்னு சொல்லிக்கலாம்" என்றான் ஜெயராஜ். குரலில் உயிர் இல்லை.

"குட்டையா ஒண்ணு இருந்துச்சே" என்றான் அம்புரோஸ். "குழல் மடக்கறது. நம்பர் டூ ரவை. விளக்கெண்ணெய் வாஷர்."

சபாபதியின் கைகள் மூன்றாவது மூட்டையின் மேல் நின்றன. "அதைப் பாத்தீங்களா?"

"இன்னிக்குக் காலையில. ஒரு ஆளோட உயிர் அதுல தொங்குது. ஆறு மணிக்கு லாரி. யாருக்குக் குடுத்தீங்க?"

"பேர் கேட்க மாட்டேன் ஐயா. மூணு கேள்விதான்." சபாபதி மூட்டையைப் பிரிக்கத் தொடங்கினார். யோசிப்பதற்குக் கைக்கு வேலை தேவைப்பட்டது போல. "அது நல்ல துப்பாக்கி. கிழங்கு மூட்டைக்குள்ள வச்சா தெரியாது. ஒரே குறை, உள்ள கொக்கி தேஞ்சது. குழலை மடக்கி ரவை போடறப்போ கையை எடுத்தா தானா மூடிக்கும், கட்டைவிரலைக் கடிக்கும். குடுக்கிறப்பவே சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான் போனாங்க அந்த அம்மா."

"அம்மாவா?"

"ஆமா. கையில காசு இல்ல. இதைத்தான் குடுத்தாங்க. பட்டு. பட்டுல சுத்தினா இரும்புக்கு வேர்க்காது, துரு பிடிக்காது."

அரக்குப் பட்டு. சுற்றுச் சுற்றாகப் பிரிந்து கிழங்குகளின் மேல் விழுந்தது. முந்தானையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை. பச்சை நூலால் தைத்திருந்தது.

கல்யாணத்தன்று பீடத்து மெழுகுவர்த்தி பட்டுக் கருகிய இடம். வீட்டில் வேறு நிற நூல் இல்லை என்று பிலோமினா பச்சையில் தைத்தாள். மாதா கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த சேலை. அதைக் கட்டித்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் அம்புரோஸ் அலமாரியை மூன்று முறை கலைத்துத் தேடினான். கிடைக்கவில்லை. சாதாரண நூல் சேலையில்தான் அவளைக் குழிக்குள் இறக்கினார்கள்.

அவன் எதையும் தொடவில்லை.

"மூணாவது கேள்விக்கு அவங்க என்ன பதில் சொன்னாங்க?"

"நல்லா நினைவிருக்கு. இருமிக்கிட்டே சொன்னாங்க. 'எங்க வீட்டுக்காரரு. பசிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு. தட்டுல வச்சாத் தின்பாரு. எங்கேயிருந்துன்னு தெரிஞ்சா தின்ன மாட்டாரு.' யாரு சுடுவாங்கன்னு கேட்டேன். 'என் தம்பி. அவன் வாய்தான் நீளம், குறி தப்பாது'ன்னாங்க."

கொட்டகையில் ஈ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அம்புரோஸ் திரும்பினான். ஜெயராஜ் சேலையைப் பார்த்தபடி நின்றான். கறுத்த நகமுள்ள கட்டைவிரலை மற்ற கை மூடியிருந்தது.

"எனக்குத் தெரியாது அத்தான்" என்றான். "எதைக் குடுத்து அக்கா வாங்கினாள்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

சபாபதிக்கு மெல்லப் புரிந்தது. ஒற்றைக் கண்ணாடியைக் கழற்றினார். சேலையை மடிக்கத் தொடங்கினார். "ஐயா, இதை நீங்க..."

"இருக்கட்டும்" என்றான் அம்புரோஸ். "துப்பாக்கிக்கு வேர்க்கும்."

*

கிள்ளான் ரயில் நிலையத்தில் டோக்கியோ மூன்றரை வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜெயராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே பேசினான்.

"அக்காவுக்குக் கடைசி மாசம் தினம் ஒரு டம்ளர் ஆட்டுப்பால் வந்துச்சே, எங்கேயிருந்துன்னு நினைச்சீங்க?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து."

"ஆஸ்பத்திரியில பஞ்சுகூட இல்ல அத்தான். அது ஆரிஃபாவோட பங்கு. ஜலீல் பாய் தன் பிள்ளைக்கு வச்சதைக் குடுத்துவிட்டாரு. இப்ப அந்தப் பிள்ளை காய்ச்சல்ல கிடக்கு. நான் என்ன செய்ய? நாலு புறா அடிச்சேன். அவங்க வழக்கப்படி கழுத்தையும் அறுத்தேன். கொண்டுபோய் குடுத்தப்போ பாய் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. 'அல்லா உனக்குக் குறை வைக்க மாட்டான்'னாரு. எவ்வளவு சந்தோஷமா வாங்கினாரு தெரியுமா? காலையில குழியைப் பாக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை சூப்பு குடிச்சிருக்கும்னுதான் நினைச்சேன்."

"வளையத்தைப் பாக்கலியா?"

"பசியில இருக்கிறவனுக்குக் கால் எங்க தெரியுது? தொடைதான் தெரியும்."

"துப்பாக்கி அவங்க கொட்டகைக்கு எப்படிப் போச்சு?"

"ஆரம்பத்திலேர்ந்தே அங்கதான். அக்கா அமீனாக்காகிட்ட வாக்கு வாங்கியிருந்தா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. ஞாயித்துக்கிழமை கோழின்னு நீங்க சாப்பிட்டதெல்லாம் கோழி இல்ல."

அம்புரோஸ் தண்டவாளத்தைப் பார்த்தான். அந்த ஞாயிறுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீ சாப்பிடு என்றால், ஆயிற்று என்பாள்.

"காலையிலேயே ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தேன். ஜோக்குதான் வந்துச்சு."

தூரத்தில் எஞ்சின் கூவியது. அம்புரோஸ் தன் சைக்கிளைச் சுமைக்காரனிடம் கொடுத்தான். ஜெயராஜின் சட்டைக் காலரைப் பிடித்து அருகில் இழுத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் செய்ததில்லை.

"கேளு. நீ மேருவுக்குத் திரும்பிப் போ. சபாபதிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. இந்தத் துப்பாக்கியெல்லாம் காட்டுல ஒளிஞ்சு ஜப்பானை எதிர்க்கிறவங்களுக்குத்தான் போகுது. உன்னை மாதிரிக் குறிக்காரன் அவங்களுக்கு வேணும். துப்பாக்கி என் பெண்டாட்டி சேலைக்கு வந்தது. சாப்பிட்டவன் நான். அது என்னோடது. பேரை நான் மாத்திக்கிறேன்."

"அத்தான்..."

"அவ உன்னைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனா."

ஜெயராஜ் சிரித்தான். அக்காவின் சிரிப்பு, அதே ஓரத்தில் ஆரம்பித்தது. "என்கிட்டயும் அதையேதான் சொன்னா. ஒரே சத்தியத்தை ரெண்டு பேர்கிட்டயும் வாங்கியிருக்கா பாருங்க. சரியான கெட்டிக்காரி." பிறகு தலையாட்டினான். "சரி. போறேன். ஏறுங்க."

வண்டி நகர்ந்தது. ஜெயராஜ் சைக்கிளோடு நடைமேடையில் நின்று கையசைத்தான். கடைசிப் பெட்டிகள் நடைமேடையைத் தாண்டும் முன்பே வளைவு வந்து அவனை மறைத்தது.

அம்புரோஸுக்கு அச்சம் வரவில்லை. பாரம் இறங்கின மாதிரிகூட இருந்தது. விஜயனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்தான். பிரிக்பீல்ட்ஸ் யார்டுக்கு அருகில் வண்டி எப்போதும் போல ஊர்ந்தது. தாண்டிப் பெரிய நிலையத்தில் போய் நின்றது. கார்டு வண்டிக்குப் போய்ப் பாஸைக் காட்டினான்.

கார்டு இரண்டு சைக்கிள்களை இறக்கி வைத்தார்.

"என்னோடது ஒண்ணுதான்" என்றான் அம்புரோஸ்.

"உங்க கூட வந்தவரு ஓடற வண்டியில தூக்கிப் போட்டாரு லா. பின்னாலயே அவரும் தொத்திக்கிட்டாரு. யார்டுகிட்ட மெதுவாப் போனப்போ குதிச்சிட்டாரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு." கார்டு நெற்றியைச் சுருக்கினார். "செயினுக்கு எண்ணெய் போடணுமாம். விளக்கெண்ணெய்தானாம், தேங்காய் எண்ணெய் வேணாமாம். உங்களுக்குப் புரியும்னாரு."

*

இரண்டு சைக்கிள்களோடு ஓடுவது கடினம். ஒன்றை விட்டுவிட்டு மற்றதில் ஏறலாம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. போலீஸ் சாவடிக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் லாரி நின்றது. தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தது.

விஜயன் படியிலேயே மறித்தான்.

"துப்பாக்கி என்னோடது" என்றான் அம்புரோஸ். "என் மனைவி எனக்காக வாங்கினது. சாட்சி இருக்கு."

"மெதுவாப் பேசு. உன் மச்சினன் பேரை எழுதியாச்சு. அவன் குழலை மடக்கி, கையை எடுக்காம ரவை போட்டுக் காட்டினான். கட்டைவிரலைக் காட்டினான். நகம் அச்சா குழல் விளிம்புல பொருந்துச்சு. சார்ஜெண்ட் சிரிச்சிட்டான்."

"நான் உள்ள போறேன்."

"போ. ஒரு புறாவுக்கு ரெண்டு பேர். அவன் வந்தது எதுக்குன்னு ஆயிடும்." விஜயன் அவன் தோளைப் பிடித்தான். "சார்ஜெண்ட் ஒண்ணு கேட்டான். நான்தான் தமிழ்ல சொன்னேன். புறா ருசியா இருந்துச்சான்னு. 'யாருமே சாப்பிடல சார்'னான் உன் மச்சினன். அதை ஜப்பான் பாஷையில எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ருசியா இருந்துச்சாம்னு சொல்லிட்டேன்."

ஜெயராஜை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. பெரிய தெருவில் திரும்பியது. போய்விட்டது.

அப்துல் ஜலீல் சாவடியின் பக்கச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் மூடிக் கிடந்தது. அம்புரோஸைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"நான் யாரையும் சொல்லல தம்பி" என்றார்.

"தெரியும் பாய்."

"அவனா வந்து நின்னான். நான் கத்தினேன், இவன் இல்லேன்னு. கேட்கல." சட்டைக் கையால் உதட்டைத் துடைத்தார். "அந்தப் புறாக்களை நான் புதைச்சது அவனுக்குத் தெரியுமா?" என்றார்.

அம்புரோஸ் காலையில் குழிக்குப் பக்கத்தில் பார்த்த ஜெயராஜின் முகத்தை நினைத்தான்.

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. பிள்ளை ஆசையாக் கொண்டுவந்தான். தெரிஞ்சா மனசு நொந்துபோவான்."

ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரை அவர் பக்கம் நீட்டினான் அம்புரோஸ். அது யாருடையது என்று ஜலீல் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டார். ஏறவும் இல்லை. இருவரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். சாவடிக் கடிகாரம் ஆறு அடித்தது. வெயில் இன்னும் நாலரையிலேயே நின்றிருந்தது.